நாடுகாணி டு கொழும்பு: 300 கி.மீ. பெக்கோ டிரெயில் நடைபயணத்தை எங்கே, எப்படித் தொடங்குவது?

நாடுகாணி முச்சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மூன்று சாலைகள். ஒன்று கூடலூர் வழியாக ஊட்டிக்கு ஏறுகிறது. இன்னொன்று சுரம் இறங்கி வழிக்கடவு, நிலம்பூர் என்று கேரளத்துக்குள் போகிறது. மூன்றாவது தேவாலா, பந்தலூர், சேரம்பாடி பக்கம் திரும்புகிறது. அந்த மூன்றாவது சாலையில் உள்ள டான்டீ பாடிகளில் எழுபது வயதைத் தாண்டிய யாரிடமாவது சொந்த ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். திருச்சி, புதுக்கோட்டை என்று தொடங்கி, கொஞ்ச நேரத்தில் ஹட்டன், பதுளை, நுவரெலியா என்று பேச்சு கடல் தாண்டிவிடும்.

அந்தக் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இப்போது கோவையிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறது. கையில் பாஸ்போர்ட் இருக்கிறது. ஒரு மாத விடுமுறை கிடைத்தால், தாத்தா பாட்டி கொழுந்து பறித்த மலையைப் போய்ப் பார்க்கலாமே என்ற ஆசையும் இருக்கிறது. அந்த மலையைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தே பார்க்க இப்போது ஒரு பாதை உண்டு. பெயர் பெக்கோ டிரெயில். இதைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள், பெரும்பாலும் ஐரோப்பாவில் இருந்து வருகிறவர்களுக்காக. நம் பக்கத்தில் இருந்து கிளம்புகிறவர்களுக்கு வரும் கேள்விகள் வேறு. என்னிடம் கேட்ட நாலைந்து பேருக்குச் சொன்னதையே இங்கே விரித்துச் சொல்கிறேன்.

பெக்கோ டிரெயில் என்றால் என்ன?

பெக்கோ என்பது தேயிலைத் தரத்தின் பெயர். கூடலூர், குன்னூர் பக்கம் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிய சொல் அல்ல. இலங்கையின் மத்திய மலைநாட்டில் வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலை மூட்டைகளைக் கொண்டுபோகப் போட்ட பழைய வண்டிப் பாதைகளையும் தோட்டத்து ரோடுகளையும் இணைத்து உருவாக்கிய 300 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள நடைபாதை இது. மொத்தம் 22 கட்டங்கள். கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், பொகவந்தலாவ, ஹப்புத்தளை, எல்ல பக்கமெல்லாம் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பணம் கொடுத்தன. ஒவ்வொரு கட்டத்துக்கும் வரைபடமும் ஜி.பி.எஸ். தடமும் அதன் இணையதளத்தில் கிடைக்கின்றன. வழியில் பலகைகளும் இருக்கின்றன.

கணக்குப் போட்டால் சராசரியாக ஒரு நாளைக்குப் பதினான்கு கிலோமீட்டர். நாடுகாணியில் இருப்பவருக்கு இது பெரிய தூரமா என்று கேட்பீர்கள். ஒரு நாள் என்றால் இல்லை. அடுத்தடுத்து இருபத்திரண்டு நாள், முதுகில் எட்டு கிலோ என்றால் ஆமாம்.

எப்படிப் போவது?

நாடுகாணிக்காரருக்குக் கொச்சி விமான நிலையம்தான் சுலபம். சுரம் இறங்கி நிலம்பூர் போனால் அங்கிருந்து ஷொர்ணூர் வழியாக ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. கொச்சியில் இருந்து கொழும்புக்கு நேரடி விமானம். விமானத்தில் ஏறி, கொடுத்ததைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். திருச்சி, சென்னையில் இருந்தும் நேரடி விமானங்கள் உள்ளன.

இன்னொரு வழி கப்பல். நாகப்பட்டினத்தில் இருந்து யாழ்ப்பாணம் அருகே உள்ள காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது. சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. கடலில் சுமார் நான்கு மணி நேரம். அங்கிருந்து ரயிலில் கொழும்பு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பலை நிறுத்திவிடுவார்கள். நாடுகாணியில் இருந்து நாகப்பட்டினம் போவதற்கே ஒரு முழு நாள் ஆகும் என்பதால், விடுமுறை தாராளமாக இருந்தால் மட்டும் இதை யோசியுங்கள். பழைய ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பல் 1984-லேயே நின்றுபோனது. நம் பெரியவர்கள் வந்த வழி அதுதான். அந்த வழியிலேயே திரும்பிப் போக இன்று முடியாது.

விசாவுக்கு, புறப்படும் முன்பே ஆன்லைனில் இ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதி வாங்க வேண்டும். இலங்கை அரசின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் தனியார் தளங்கள் ஏராளம். இந்தியர்களுக்கான கட்டணமும் சலுகையும் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்கும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும்.

சுற்றுலா அனுமதி 30 நாளுக்கு. இங்கேதான் கணக்கு இடிக்கிறது. கொழும்பில் மூன்று நாள், கண்டிக்கு ஒரு நாள், நடை 22 நாள், கால் வலித்தால் ஓய்வுக்கு இரண்டு நாள், திரும்ப ஒரு நாள். மொத்தம் 29. ஒரு நாள்தான் மிச்சம். அனுமதியை நீட்டிக்க வழி இருக்கிறது என்றாலும், முதல் தடவை போகிறவர் பத்துக் கட்டத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. நானும் அப்படித்தான் செய்தேன். மிச்சம் அங்கேயேதான் இருக்கப்போகிறது.

நேராக மலைக்குப் போகாமல் கொழும்பில் ஏன் மூன்று நாள்?

வெளிநாட்டு வழிகாட்டிகளில் பலவும் கொழும்பை ஒரே வரியில் தாண்டுகின்றன. விமானம் இறங்கு, கண்டிக்கு வண்டி பிடி, அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். தேயிலைக் குடும்பத்தில் இருந்து போகிறவருக்கு அது தவறு என்று நினைக்கிறேன். காரணம் இருக்கிறது.

இலங்கை மலைநாடு முதலில் காபி நாடு. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869-ல் காபி இலையில் துரு நோய் விழுந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் காபி அழிந்து தேயிலை மலை ஏறியது. கொழும்பில் இருந்து கண்டிக்கு ரயில் வந்ததும் அதே 1867-ல்தான். அதுவரை பெரிய கப்பல்களுக்கு இலங்கையின் துறைமுகம் காலிதான். 1875-ல் கொழும்பில் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நட்டார்கள். 1885-ல் அது முடிந்ததும் நீராவிக் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு வந்துவிட்டன. 1883-ல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. நம் குன்னூர் ஏலம் 1963-ல் வந்தது. அதற்கு எண்பது ஆண்டுகள் முன்பே இங்கே மணி அடித்துவிட்டார்கள்.

தோட்டம், ரயில், ஏலம், துறைமுகம் எல்லாம் ஒரே கயிற்றின் முடிச்சுகள். மலையில் மட்டும் நடந்தால் கயிற்றின் ஒரு முனையைத்தான் பார்ப்பீர்கள். கொழுந்து எங்கே போனது என்பது கொழும்பில்தான் தெரியும்.

எங்கள் அப்பாயி 1974-ல் இருபத்தெட்டு வயதில் இந்தியாவுக்கு வந்தவர். பொகவந்தலாவ பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி, இரண்டு பிள்ளையும் பெற்றவர். நான் கொழும்பு போகிறேன் என்றதும், "கொழும்பா, அது எப்படி இருக்கும்?" என்று கேட்டார். பார்த்ததே இல்லையாம். "எங்களுக்கு எதுக்குக் கொழும்பு? தொர போவாரு, கணக்கப்புள்ள போவாரு. நாங்க கோச்சியில ஏறுனது ஒரே தடவதான், தலைமன்னாருக்கு." ஆறு வயதில் இருந்து அவர் கை பட்ட கொழுந்தெல்லாம் போன துறைமுகத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. கோச்சி என்றால் ரயில். மலையகத்துச் சொல். பந்தலூர் பாடிகளில் இன்றும் கேட்கலாம்.

முதல் நாள்: கோட்டையும் துறைமுகமும்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருந்து 187-ஆம் எண் பஸ் கோட்டைக்கு வருகிறது. கோட்டை என்று சொன்னாலும் இப்போது கோட்டை மதில் கிடையாது. போர்த்துகீசியர் கட்டி, டச்சுக்காரர் விரிவாக்கி, ஆங்கிலேயர் இடித்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்தார்கள்.

துறைமுகத்துக்குள் வெறுமனே நடந்து போய்விட முடியாது. பாதுகாப்பு வளையம். பார்க்க நல்ல இடம் யார்க் வீதி முனையில் உள்ள கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல். 1875-ல் திறந்த கட்டடம். நான்காவது மாடி உணவகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு டீ சொன்னால் போதும், கிரேன்களும் கப்பல்களும் காலடியில் தெரியும். டீ விலை கொஞ்சம் கடிக்கும். அந்தக் காட்சிக்குக் கொடுக்கலாம். கேமராவை வெளியே எடுக்கும் முன் பணியாளரிடம் கேளுங்கள், துறைமுகத்தைப் படம் எடுப்பதில் கட்டுப்பாடுகள் உண்டு.

அங்கிருந்து கீழே பார்த்தபோது எனக்கு முதலில் உறைத்தது, இப்போது அங்கே தேயிலை சின்ன சமாச்சாரம் என்பது. கொழும்பு இன்று கண்டெய்னர் மாற்றும் துறைமுகம். பெரிய கப்பலில் வரும் பெட்டிகளை இறக்கி, சின்னக் கப்பலில் ஏற்றி வேறு துறைமுகத்துக்கு அனுப்புவதுதான் முக்கியத் தொழில். அந்தப் பெட்டிகளில் பெரும்பகுதி இந்தியாவுக்கு வருவதும் இந்தியாவில் இருந்து போவதும்தான். 2025-ல் திறந்த விழிஞ்ஞம் துறைமுகம் குறிவைப்பது இந்த வியாபாரத்தைத்தான்.

பக்கத்திலேயே கார்கில்ஸ் கம்பெனியின் சிவப்புக் கட்டடம், சாத்தம் வீதியில் 1857-ல் கட்டி, பிறகு கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்ட மணிக்கூண்டு, டச்சுக்காரர் ஆஸ்பத்திரி. இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடியும். டச்சு ஆஸ்பத்திரி இப்போது சாப்பாட்டுக் கடைகளும் துணிக்கடைகளும் உள்ள வளாகம், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டாம் நாள்: புறக்கோட்டையில் இருந்து கொட்டாஞ்சேனை வரை

இந்த நாளுக்காகத்தான் கொழும்பு. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே ரோட்டைத் தாண்டினால் புறக்கோட்டை. காலை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். நாம் மலைக்காரர்கள். ஏற்றம் நமக்குப் பழக்கம், இந்தப் புழுக்கம் பழக்கமில்லை. பத்து மணிக்கு மேல் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

குறுக்குத் தெருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாமானுக்கு. துணிக்கு ஒன்று, மின்சாமானுக்கு ஒன்று. மூட்டை சுமக்கும் நாட்டாமைகள் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் ஒதுங்கி நில்லுங்கள், அவர்கள் நிற்க மாட்டார்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஜாமிஉல் அல்பர் பள்ளிவாசல் நூறாண்டைக் கடந்தது. அந்தக் காலத்தில் கப்பலில் வருகிறவர்களுக்குக் கொழும்பு என்று அடையாளம் காட்டியது அதன் கோபுரங்கள்தான் என்று சொல்வார்கள்.

மெயின் வீதி முடியும் இடத்தில், காதிரேசன் கோயில்கள் இருக்கும் நகைக்கடைத் தெரு. ஆங்கிலத்தில் கடல் தெரு என்று பெயர். தமிழில் எல்லோருக்கும் அது செட்டியார் தெரு. வட்டிக்கும் அரிசி வியாபாரத்துக்கும் போன நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இருந்த தெரு. ஆடியில் வேல் விழாத் தேர் இங்கிருந்து பம்பலப்பிட்டி வரை போகும்.

அங்கே ஒரு டீக்கடையில் பிளேன்டீ கேட்டேன். இலங்கையில் பிளேன்டீ என்றால் பால் இல்லாத டீ. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் பேச்சைக் கவனித்துவிட்டு, "தம்பி இந்தியாவா? எந்தப் பக்கம்?" என்றார்.

"நீலகிரிங்க ஐயா. கூடலூர் பக்கம்."

"டான்டீயா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சென்னைக்காரருக்கே டான்டீ என்றால் விளக்க வேண்டியிருக்கும். அவருடைய சின்னம்மா குடும்பம் எழுபதுகளில் அங்கே போனதாம். "எண்பத்து மூணு வரைக்கும் கடுதாசி வந்துச்சு. கலவரத்துல எங்க வீடு போச்சு, விலாசமும் போச்சு." கொளப்பள்ளி என்ற பெயர் மட்டும் நினைவிருக்கிறது. நான் அந்த ஊரைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன் என்றதும் இன்னொரு டீ சொன்னார். சின்னம்மாவின் பெயரையும் அவர் கணவர் பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டேன். ஊர் திரும்பியதும் விசாரித்தேன், இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இது என்ன கதை என்று தெரியாத இளையவர்களுக்குச் சுருக்கமாக. 1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். விட்டுப்போன ஒன்றரை லட்சத்தை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எந்தக் குடும்பம் எந்தப் பக்கம் என்று அந்தக் கணக்கு யோசிக்கவில்லை. அண்ணன் அங்கே, தங்கை இங்கே. பிள்ளைகளோடு சேர்த்து நான்கரை லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் வனத்துறை கூடலூர், பந்தலூர் பக்கம் தேயிலை நட ஆரம்பித்தது. 1976-ல் அது டான்டீ ஆனது.

செட்டியார் தெருவில் இருந்து வடக்கே போனால் கொச்சிக்கடை. ஒரு பக்கம் கருங்கல்லில் கட்டிய பொன்னம்பலவாணேசுவரர் கோயில், சற்றுத் தள்ளி புனித அந்தோணியார் திருத்தலம். செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தாரும் வந்து நிற்கும் கோயில் இது. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் அன்று வெடிகுண்டு வெடித்த இடங்களில் இதுவும் ஒன்று. வாசலில் பையைச் சோதிப்பார்கள், முகம் சுளிக்காதீர்கள். இன்னும் நடந்தால் கொட்டாஞ்சேனை. இடியாப்பம், சொதி, சம்பல் எல்லாம் நம் கணக்குக்குக் கட்டுபடியாகும் விலையில் கிடைக்கும். ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்று இலங்கை ரூபாய்க்கு மேல் வருகிறது. 2024 பிப்ரவரியில் இருந்து நம் யு.பி.ஐ.யை அங்கே கியூ.ஆர். கோடு வைத்திருக்கும் கடைகளில் பயன்படுத்தலாம். மலையில் அதை நம்பாதீர்கள், கையில் ரொக்கம் வேண்டும்.

மூன்றாம் நாள்: காலுக்கு ஓய்வு

இரண்டு நாள் தார் ரோட்டில் நடந்ததில் என் இடது குதிகாலில் கொப்புளம். தப்பு என்னுடையதுதான். புறப்படுவதற்கு நாலு நாள் முன்பு வாங்கிய புது ஷூ. மலைநடைக்குப் போகிறவர் ஷூவைக் குறைந்தது ஒரு மாதம் ஊரில் போட்டு அடித்திருக்க வேண்டும். நாடுகாணியில் இருந்து தேவாலாவுக்கு வாரம் இரண்டு முறை, முதுகில் பையோடு நடந்திருந்தாலே போதும், இந்தக் கொப்புளம் வந்திருக்காது. கொழும்பில் வந்ததே நல்லது என்று தேற்றிக்கொண்டேன். லூல்கந்துரா ஏற்றத்தில் வந்திருந்தால் பயணம் அங்கேயே முடிந்திருக்கும். நீண்ட நடைக்கு முன்னால் சமதளத்தில் இரண்டு மூன்று நாள் நடந்து பார்ப்பதன் உண்மையான பயன் இதுதான். ஷூ, பை, உடம்பு எது மக்கர் செய்யும் என்று மருந்துக்கடை பக்கத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

சாயங்காலம் காலிமுகத்திடல். 1859-ல் ஆளுநர் ஹென்றி வார்டு அமைத்த கடலோர வெளி. 2022 பொருளாதார நெருக்கடியில் மக்கள் மாதக்கணக்கில் கூடாரம் போட்டு உட்கார்ந்து ஜனாதிபதியையே ஓட வைத்த இடம். வடக்கே, கடலை நிரப்பி உருவாக்கிய 269 ஹெக்டேர் துறைமுக நகரம். வறுத்த இறாலை மேலே பதித்த இஸ்ஸோ வடை சாப்பிட்டுக்கொண்டே அப்பாயிக்கு வீடியோ கால் போட்டேன். கடலைக் காட்டினேன். அவர் கேட்டது, "அங்கே நம்மாளுக இருக்காங்களா?" செட்டியார் தெருப் பெரியவரைப் பற்றிச் சொன்னேன். உடனே பக்கத்தில் இருந்த யாரிடமோ, "கொளப்பள்ளியில சிலோன்காரக யாரு யாரு இருக்காக?" என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். கடல் அவருக்கு மறந்துபோனது.

மலைக்குக் கிளம்பும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் தோட்டத்தின் பெயர். வீட்டில் பாட்டி சொல்லும் பெயரும் காகிதத்தில் இருக்கும் பெயரும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. தொழிலாளர்கள் தோட்டங்களுக்குத் தமிழில் தனிப்பெயர் வைத்திருந்தார்கள். கம்பெனி ஆங்கிலப் பெயர் வைத்திருந்தது. பழைய இந்திய பாஸ்போர்ட், குடும்ப அட்டை இரண்டையும் தேடி எடுத்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தோட்டப் பெயரோடு டிவிஷன் பெயரும், கிட்டத்து டவுன் பெயரும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அசலை எடுத்துப் போகாதீர்கள். சாதிச் சான்றிதழ், வீட்டுமனை என்று இங்கே இன்னும் அலைகிற குடும்பங்களுக்கு அந்த அட்டைதான் ஒரே ஆதாரம்.

அடுத்து மழை. தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், பொகவந்தலாவ பக்கத்தை அடிக்கும். தேவாலா மழை பார்த்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை ஆண்டுக் கடைசியில் பதுளைப் பக்கத்தை நனைக்கும். ஜனவரி கடைசியில் இருந்து மார்ச் வரை இரண்டு பக்கமும் ஓரளவு காய்ந்திருக்கும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலையகத்தில் பெரும் நிலச்சரிவுகள் ஏற்பட்டு நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், மலை ரயில்பாதையும் அறுந்தது. அதனால் எந்தக் கட்டம் திறந்திருக்கிறது, ரயில் எதுவரை போகிறது என்பதைப் புறப்படும் வாரத்தில் கேட்டே ஆக வேண்டும். லயங்களில் வீடு இழந்தவர்கள் இருக்கும் இடத்துக்குள் டிரெக்கிங் கம்போடு நுழைவது சரியா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அட்டைக்கு நம் வைத்தியமே போதும். உப்பு மூட்டை, வேப்பெண்ணெய், அல்லது சோப்பைக் குழைத்துக் காலுறை மேல் தடவுவது. தோட்டத்துக்குள் கூடாரம் அடிக்கும் எண்ணம் வேண்டாம். பல கட்டங்கள் முடியும் இடத்தில் தங்க இடமே இருக்காது, அல்லது பழைய துரை பங்களா இருக்கும். பங்களாவில் ஒரு இரவுக்குக் கேட்கும் பணத்தில் நாம் ஒரு வாரம் ஓட்டலாம். ஒரு டவுனில் அறை எடுத்துக்கொண்டு, கட்டம் முடிந்ததும் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ திரும்பி, மறுநாள் விட்ட இடத்தில் தொடர்வதுதான் சிக்கனம். முதல் இரண்டு கட்டத்துக்குக் கண்டியையே தலைமையகமாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, போட்டோ. கொழுந்து பறிக்கிற பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். எல்ல, ஹப்புத்தளைப் பக்கம் கூடையை மாட்டிக்கொண்டு படத்துக்கு நின்று காசு கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் யாராவது வெள்ளைக்காரர் கேமராவுக்கு இப்படி நின்றிருப்பார்களா என்றுதான் நினைப்பு ஓடியது. பேச்சுக் கொடுத்துவிட்டு, நீங்கள் எந்தத் தோட்டத்துப் பேரப்பிள்ளை என்று சொன்னால் போதும். படம் எடுக்கும் எண்ணமே பிறகு வராது, டீ குடிக்க நேரம் சரியாக இருக்கும்.

முதல் நாள் நடை

கொழும்பு கோட்டையில் இருந்து கண்டிக்கு ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். கடுகண்ணாவ ஏற்றத்தில் ஒரு பக்கம் பள்ளம் திறக்கும், மேலே போகும்போது எந்தப் பக்கம் என்று கேட்டு ஜன்னல் பிடியுங்கள்.

பாதை தொடங்குவது ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்தின் அருகே. 1925-ல் கட்டிய பழைய ஃபேக்டரிக் கட்டடம், 2001-ல் அருங்காட்சியகம் ஆனது. இயந்திரங்களும் ஜேம்ஸ் டெய்லரின் சாமான்களும் இருக்கின்றன. பறித்தவர்களைப் பற்றி அங்கே அதிகம் கிடையாது. அதற்குக் கம்பளை அருகே ஓல்ட் பீகாக் தோட்டத்தில், பழைய லயத்தையே மாற்றி 2007-ல் திறந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. பெக்கோ பாதையில் அது வராது. ஒரு அரை நாள் ஒதுக்கிப் போய்விட்டு வந்து நடையைத் தொடங்கினால், அதன் பிறகு பார்க்கும் ஒவ்வொரு லயமும் வேறு மாதிரி தெரியும்.

முதல் கட்டம் ஹந்தானையில் இருந்து கலஹா. இரண்டாவது கட்டம் கலஹாவில் இருந்து லூல்கந்துரா. 1873-ல் லண்டனுக்குப் போன முதல் 23 பவுண்டு தேயிலை இந்தத் தோட்டத்தில் இருந்து போனது. இதே வட்டாரத்தில்தான் முல்லோயா தோட்டமும் இருக்கிறது. 1940 ஜனவரியில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் போலீஸ் சுட்டு, கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். ஆங்கில வழிகாட்டிகளில் டெய்லருக்கு இரண்டு பக்கம் இருக்கும், கோவிந்தனைத் தேட வேண்டும். கலஹாவில் கேட்டால் சொல்வார்கள்.

2023-ல் மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை ஒரு நடைபயணம் நடந்தது. முதல் தலைமுறை காட்டு வழியே நடந்து வந்த அதே திசையில். அவர்களுக்கு வழிப்பலகையும் ஜி.பி.எஸ்.ஸும் இல்லை. எத்தனை பேர் வழியில் விழுந்தார்கள் என்ற சரியான கணக்கும் இல்லை. வரலாற்றுக்காக நடக்க விரும்புகிறவர்கள் அந்தப் பாதையையும் படித்துவிட்டுப் போவது நல்லது.

கலஹா பஜாருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. பஸ் ஸ்டாண்டில் கண்டிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டதற்கு, அங்கே நின்ற அம்மா நேரத்தைச் சொல்லவில்லை. "எங்க இருந்து நடந்து வர்றீங்க, ஹந்தானையா? அது எங்க பெரட்டுக்குப் போற ரோடுதானே, அதுல எதுக்கு நடக்குறீங்க?" என்று கேட்டார். பஸ் வரும் வரை விளக்கிப் பார்த்தேன்.